பேஸ் நின்றுபோன மூன்று ஞாயிறு

"உன் பெட்டி பேசினா என்ன, பேசாட்டா என்ன? எனக்குக் கால் இருக்கு பிரதர்," என்று லமான்ட் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இடது காலைத் தூக்கிக் காட்டினான்.

"அந்தக் காலு அஞ்சு வருஷமா என் பாட்டை மிதிச்சிட்டு இருக்கு. சபையாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன்."

"மிதிக்கிறதுக்கு உன்கிட்டேயிருந்து ஏதாவது சத்தம் வரணுமில்ல?"

கார்லண்ட் பேஸ் கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தான். டிரம்ஸ் வாசிக்கிற பையன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். நான் கடைசி பெஞ்சில் கைவிசிறிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. ஆனால் வியாழக்கிழமை பாடல் பயிற்சியின்போது உட்காருவதற்கு எனக்கும் ஒரு காரணம் வேண்டுமல்லவா?

சண்டைக்குக் காரணம் புதிதல்ல. ஆர்கனுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் வரிசையாக மரப் பலகைகள் இருக்கும். தேர்ந்த கை, மன்னிக்கவும், தேர்ந்த கால் அவற்றை மிதித்தே அடிநாதம் முழுவதையும் வாசித்துவிடும். லமான்டுக்கு அப்படிப்பட்ட கால். அவனுக்குப் பக்கத்திலேயே அதே அடிநாதத்தை வாசிக்க ஒருவன் பேஸ் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பது அவனுக்கு எப்போதும் உறுத்தல். ஒரு சமையலறையில் இரண்டு மருமகள்கள் மாதிரிதான்.

இந்தத் தடவை லமான்டுக்கு வசதியாக, கார்லண்டின் கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அந்தப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், காலை வாரிவிட்டது. மூன்று ஞாயிறாக இதே கதை. முதல் ஞாயிறு காணிக்கைப் பாட்டில் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. இரண்டாவது ஞாயிறு அதைவிட மோசம். பரிசுத்த ஆவியில் நிறைந்து சபையே எழுந்து ஆடுகிற நேரம், டிரம்ஸ் இடிக்கிறது, ஆர்கன் அலறுகிறது, திடீரென்று அடியில் தரையே இல்லாதது போலாகிவிட்டது. கார்லண்ட் கம்பிகளை வெறும் கையால் பிடுங்குவதுபோல் பிடுங்கினான். நாலாவது அடியில் 'தொம்' என்று வந்தது, பிறகு மறுபடியும் போனது. மூன்றாவது ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தின் உச்சியில், "அப்போது ஒரு சத்தம் உண்டாயிற்று" என்று கையை உயர்த்திய இடத்தில் ஒன்றும் உண்டாகவில்லை.

அன்று வியாழக்கிழமை சண்டை முற்றுவதற்குள் பாஸ்டர் கெய்ன்ஸே அலுவலக அறையிலிருந்து வந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் எல்லோரும் பயப்படுகிறோம். வருகிற ஞாயிறு அவர் சபையை ஏற்ற இருபத்திரண்டாவது ஆண்டு விழா. சாகினாவிலிருந்தும் பான்டியாக்கிலிருந்தும் இரண்டு சபைகள் பாடகர் குழுவோடு வருகின்றன. அவர் சொன்னது இவ்வளவுதான்: ஞாயிறு அன்று பேஸ் நின்றால் அந்த நாற்காலியை மேடையிலிருந்து எடுத்துவிடலாம், பிறகு லமான்டின் கால் போதும். நிற்காவிட்டால், இத்தனை நாள் என்ன கோளாறு என்று கார்லண்ட் சபைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏனென்றால் ஜனங்கள் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

ஜனங்கள் வேறு மாதிரி பேசியது உண்மைதான். கார்லண்ட் சனிக்கிழமை சாயங்காலம் புளூ டோர் லவுஞ்சின் பின்வாசலில் கிட்டார் பையோடு நுழைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. பார்த்தது நான்தான். பார்த்ததை மூன்று பேரிடம் மட்டுமே சொன்னேன். சனிக்கிழமை சாராயக் கடையில் வாசிக்கிற கை ஞாயிற்றுக்கிழமை பரிசுத்த மேடையில் வாசித்தால் கர்த்தர் வாயை அடைப்பார் என்று அந்த மூன்று பேரும் அவரவர் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

கார்லண்டுக்கு நாற்பத்து மூன்று வயது. ஃப்ளின்ட் நகரப் பேருந்து ஓட்டுகிறான். பெண்டாட்டி இல்லை, நாய் இல்லை. வாரம் ஆறு நாள் ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஏழாவது நாள் அந்த நாற்காலியில் உட்காருவதற்காகத்தான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பதினேழு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். எங்கள் விடுதலைக் கூடாரம் சபை இந்தப் பழைய செருப்புக் கடைக்குக் குடிவந்த நாளிலிருந்து அதே மூலை.

இனி வெனெட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்து வீடு, நாற்பத்தைந்து வயது, புருஷன் போய் ஒன்பது வருஷம். எங்கள் ஜெப ஊழியத்தின் தலைவி. ஞாயிறு தோறும் ஆராதனைக்கு அரை மணி முன்னால் அபிஷேக எண்ணெய்க் குப்பியோடு வந்து வாசல் நிலைக்குப் பூசுவாள், பிரசங்க பீடத்துக்கும் மைக்குக்கும் பூசுவாள், பெஞ்சு முனைகளுக்கும் வாத்தியங்களுக்கும் பூசுவாள். ஆம்ப்ளிஃபயர் தகராறு பண்ண ஆரம்பித்ததும் அதன் பங்கு கூடிவிட்டது. முதலில் ஒரு விரல் தொட்டு வைத்தாள். அடுத்த வாரம் குப்பியைச் சாய்த்தாள். மூன்றாவது வாரம் சத்தம் நின்றபோது, ஆராதனைக்கு நடுவிலேயே மேடையேறி எண்ணெயை ஊற்றி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "இயேசுவின் நாமத்தில்" என்றாள். உடனே சத்தம் வந்தது. சபை எழுந்து ஆர்ப்பரித்தது. இரண்டு நிமிஷத்தில் மறுபடி நின்றதை ஆர்ப்பரிப்பில் யாரும் கவனிக்கவில்லை, கார்லண்டைத் தவிர.

புதன்கிழமை வேத பாடம் முடிந்ததும் வெனெட்டாவை வீட்டில் இறக்கிவிடுவது கார்லண்ட்தான். ஒன்றரை வருஷமாக இறக்கிவிடுகிறான். வண்டி நிற்கும், அவள் இறங்குவாள், அவள் கதவைத் திறந்து விளக்குப் போடும்வரை வண்டி நகராது. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட முன்னேற்றம் இல்லை. என் ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரியும்.

என் வீட்டுக்கு அடியில், பேஸ்மென்டில், வாடகைக்கு இருந்தவர் லெவரெட். துணி துவைக்கும் கடைகளில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது வேலை. மற்ற நேரங்களில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், எது கிடைத்தாலும் சரி. சபைக்கு வரமாட்டார். கேட்டால் "பெஞ்சு முதுகுக்கு ஒத்துக்கல" என்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் கார்லண்ட் அந்த ஆம்ப்ளிஃபயரை என் பின்வாசல் வழியாக இறக்கினான். பதினைந்து அங்குல ஸ்பீக்கரோடு ஒரே பெட்டி, ஒரு ஆள் கனம். நான் இரண்டு தட்டில் பொரித்த மீனும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினேன். தட்டைத் திரும்ப வாங்க வேண்டுமே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

லெவரெட் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து? சட்டென்று நிற்குமா, தேய்ந்து நிற்குமா? நின்றபோது இரைச்சல் இருக்குமா? பலமாக வாசித்தால் திரும்புமா? கார்லண்டுக்கு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று சந்தேகம். அதற்கு முன் கேபிள் என்று சந்தேகப்பட்டு மூன்று கேபிள் மாற்றியிருந்தான். அதற்கும் முன் தன் மேலேயே சந்தேகப்பட்டு ஒரு வாரம் உபவாசம் இருந்தானாம். கடைசியாகச் சொன்னதை லெவரெட் குறித்துக்கொள்ளவில்லை.

முதல் காரியமாக லெவரெட் தன் கேபிளையும் தன் கிட்டாரையும் மாட்டினார். கார்லண்டுடைய பொருள் எதுவும் நடுவில் இருக்கக் கூடாது. பிறகு ஒரு நூறு வாட் பல்பை மின்சாரம் போகும் வழியில் கோர்த்து, அதன் வழியாகப் பெட்டிக்கு உயிர் கொடுத்தார். உள்ளே எங்காவது எரிந்து ஒட்டியிருந்தால் பல்பு பிரகாசமாக எரியுமாம். அது ஒரு நொடி மினுங்கி மங்கியது. "பெரிய டிரான்சிஸ்டரெல்லாம் உயிரோட இருக்கு" என்றார். கார்லண்ட் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பல்பை எடுத்துவிட்டு, ஒரு சின்ன ரேடியோவின் பாட்டைப் பெட்டிக்குள் விட்டு, காத்திருந்தோம். மீன் தீர்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பாட்டு தேய்ந்தது. லெவரெட் என்னிடம் மரக்கரண்டி கேட்டார். மேலே ஓடி எடுத்து வந்தேன். அதன் காம்பால் பெட்டியின் மேல் பலகையை அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் தட்டியதும் பாட்டு 'பொக்'கென்று திரும்பியது. வெனெட்டாவின் உள்ளங்கை விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் வேலை செய்றாங்க," என்று கரண்டியால் காட்டினார். "முன்னாடி இருக்கிறவன் சத்தத்துக்கு ருசி சரி பண்றவன். பின்னாடி இருக்கிறவன் பாரம் தூக்குறவன். யாரு தூங்குறான்னு பார்க்கணும்."

இந்த இரண்டு பேருக்கும் நடுவில், மேல் பலகையில், இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று ஒலியை வெளியே அனுப்ப, மற்றது திரும்ப வாங்க. ஏதாவது வேடிக்கைச் சத்தப் பெட்டியை நடுவில் மாட்டுவதற்காம். சபையில் யாரும் மாட்டியதில்லை. அனுப்பும் ஓட்டையில் அவர் தன்னுடைய சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சொருகினார். பாட்டு தெளிவாக வந்தது, ஆக ருசிக்காரன் விழித்திருக்கிறான். ரேடியோவை நேரே வாங்கும் ஓட்டையில் சொருகினார். பெரிய ஸ்பீக்கர் அதிர்ந்து என் தட்டுகள் நகர்ந்தன, ஆக பாரம் தூக்குகிறவனும் விழித்திருக்கிறான். பிறகு ஒரு சாண் கேபிளால் இரண்டு ஓட்டையையும் இணைத்தார். ஒரு மணி நேரம் வைத்திருந்தும் பாட்டு நிற்கவே இல்லை.

"ஆளு ரெண்டு பேரும் நல்லவங்க. நடுவுல இருக்கிற கதவுதான்," என்றார்.

பிளக்கை உருவி, உள்ளே தங்கியிருக்கிற மின்சாரத்தையும் வடியவிட்டு, அப்புறம்தான் மேல் பலகையைக் கழற்றினார். வாங்கும் ஓட்டைக்குள் ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கிறது. ஒன்றும் சொருகாதபோது அது உள்ளே ஒரு புள்ளியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அந்தத் தொடுகை வழியாகத்தான் ஒலி போகிறது. விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் குனிந்தோம். பட்டைமேல் பழுப்பாக, பனங்கருப்பட்டிப் பாகு போல ஏதோ படிந்து, அதில் தூசி ஒட்டியிருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் எடுத்து மோந்து பார்த்தார். கார்லண்டிடம் நீட்டினார். கார்லண்ட் என்னிடம் நீட்டினான்.

ஆலிவ் எண்ணெய். பழசாகிக் காறிப்போன ஆலிவ் எண்ணெய்.

வெனெட்டாவின் குப்பியில் இருப்பதும் அதுதான். ஃப்ளின்ட் முழுக்க ஆம்ப்ளிஃபயர்களில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகுகளும் ஓட்டைகளும் முன்பக்கம் இருக்கும், இந்தப் பெட்டிக்கு மட்டும் எல்லா ஓட்டைகளும் வானத்தைப் பார்த்து இருக்கின்றன. வழக்கமான தூசிக் கோளாறாக ஆரம்பித்திருக்கும். நிற்க நிற்க அபிஷேகம் கூடியது, அபிஷேகம் கூடக்கூட இன்னும் நின்றது.

ஸ்பிரிட்டில் கழுவி, துடைத்து, அந்தத் தொடுகையைச் சீராக்கி, போதாததற்குச் சாண் கேபிளையும் மாட்டி லெவரெட் மூடினார். ஆனால் ஒரு திருகு ஏற்கெனவே கரகரக்கிறது, இந்த ரெண்டை அடைத்தாலும் மீதி ஏழு ஓட்டை திறந்து கிடக்கிறது, ஞாயிறு அன்று மறுபடி ஊற்றினால் தான் ஜவாபு சொல்ல முடியாது என்றார்.

கார்லண்டுக்கு அப்போதுதான் சிக்கல் புரிந்தது. காரணத்தைச் சபைக்கு முன்னால் சொன்னால் அவன் பெயரில் விழுந்த கறை போகும், நாற்காலியும் தங்கும். ஆனால் இரண்டு வெளியூர்ச் சபைகளும் கேட்க, வெனெட்டாவின் ஜெபம்தான் பெட்டியைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் ஊற்றுவாள். ஊற்றினால் போச்சு. அவன் மரக்கரண்டியை எடுத்து என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, இதை வெளியே விடமாட்டோம் என்று இருவரும் சத்தியம் செய்யவேண்டும் என்றான். நான் செய்தேன். லெவரெட் செய்யவில்லை. "நானா போய்ச் சொல்லமாட்டேன். கேட்டா சொல்வேன்," என்றார்.

சனிக்கிழமை காலையில் நான் முன்வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தேன். கார்லண்டின் வண்டி வெனெட்டா வீட்டு வாசலில் நின்றதும், வாரிய இடத்தையே மறுபடி வாரினேன். புதன்கிழமை அல்லாத ஒரு நாளில் அவன் வண்டி அங்கே நின்றதும், அவன் அதை விட்டு இறங்கியதும் அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், நாளைக்குப் பெட்டிக்குப் பூச வேண்டாம். என் கைக்குப் பூசுங்க," என்றான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஏன், பெட்டிக்கென்ன?"

"பெட்டி சரியாயிடுச்சு. கைக்குத்தான் இப்போ தேவை."

"மூணு வாரமா பெட்டி பெட்டின்னீங்க. நேத்து லெவரெட்கிட்ட கொண்டுபோனதைப் பார்த்தேன், அவர் என்ன கண்டுபிடிச்சார்?"

"தூசி."

"வெறும் தூசியா?"

"வெறும் தூசி," என்று அவளுடைய தபால் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் நேரே என்னிடம் வந்தாள். "சிஸ்டர் ஒடெஸா, அந்த இலையை விடுங்க, அது செத்து ஒரு மாசமாச்சு. உங்க வீட்டுக்குக் கீழ என்ன நடந்துச்சு?"

நான் சத்தியம் செய்தவள். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். லெவரெட் கீழேதான் இருக்கிறார் என்றும், பின்கதவு திறந்திருக்கிறது என்றும் மட்டும் சொன்னேன். பிறகு, பேஸ்மென்ட் படியின் மேல்முனையில் எனக்கு வேலை இருந்தது.

"உங்க எண்ணெய்தான்," என்றார் லெவரெட். முன்னால் ஒரு வார்த்தை இல்லை, பின்னால் ஒரு வார்த்தை இல்லை. பழுப்புப் பஞ்சை எடுத்துக் காட்டினார்.

"நான் வாங்குறது முதல் தரம்."

"முதல் தரமும் நாளானா பசையாகும்."

"நான் தட்டினதும் சத்தம் வந்துச்சே. சபையே பார்த்துச்சு."

"வரும். நான் சிஸ்டர் ஒடெஸா கரண்டியால தட்டினேன், அப்பவும் வந்துச்சு."

அழுகிறாளோ என்று நான் இரண்டு படி இறங்கினேன். அழவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வேறு எங்கெல்லாம் போயிருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டினார். அப்படியானால் மைக்குகளுக்கும் இதே கதைதானா என்றாள். கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். அவள் மேலே வர இரண்டு மணி நேரம் ஆனது. என் வாழ்நாளில் யாரும் அந்தப் பேஸ்மென்டில் இரண்டு மணி நேரம் விருப்பப்பட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு வந்தது. வெனெட்டா வழக்கம்போல் நிலைக்குப் பூசினாள், பீடத்துக்குப் பூசினாள். மைக்குகளைத் தாண்டிப் போனாள். ஆம்ப்ளிஃபயர் முன்னால் நின்று குப்பியை மூடி, சுற்றிக்கொண்டு வந்து, கார்லண்டின் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். சாகினா சபையின் பாடகர்கள் நாற்பது பேர் பாடினார்கள், பான்டியாக் பாடியது, எங்கள் சபை எழுந்து ஆடியது. லமான்ட் முதல் ஒரு மணி நேரம் காலாலும் மிதித்துப் பார்த்தான். பேஸ் அடியில் சுவர் மாதிரி அசையாமல் இருந்தது. பிறகு காலை எடுத்துக்கொண்டான்.

சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கார்லண்ட் எழுந்து, தூசி என்று ஆரம்பித்தான். அதற்குள் வெனெட்டா எழுந்துவிட்டாள்.

"தூசி இல்ல பாஸ்டர். என் எண்ணெய். பிரதர் எந்தப் பாவமும் பண்ணி அந்தப் பெட்டி நிக்கல, நான் ஊத்தி ஊத்தி நிறுத்தினேன். அவரைப்பத்தி வாய்க்கு வந்தபடி பேசினவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க, அவங்களும் கேட்கட்டும்."

நான் விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வெளியூர்ச் சபைகளும் எங்களைப் பார்த்தன. பாஸ்டர் கெய்ன்ஸ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பீடத்தில் சிரித்து நான் பார்த்ததில்லை, அன்று தோள்கள் குலுங்கின. கர்த்தருக்கு ஒரு சொட்டு போதும் சிஸ்டர், அவருக்குக் குப்பியெல்லாம் வேண்டாம் என்றார். அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். சபை தோத்திரம் என்றது.

ஆராதனை முடிந்து கேபிள் சுருட்டும்போது கார்லண்ட் அவளிடம் கேட்டான், எதற்காக எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னீர்கள், நான் சமாளித்திருப்பேனே என்று. நான் டிரம்ஸுக்குப் பின்னால் கீழே விழுந்த விசிறியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு நல்ல மனசு பிரதர். ஆனா என்னைப் பார்த்து நீங்க பொய் சொன்னீங்க. நான் உடைஞ்சிடுவேன்னு நினைச்சீங்களா? அந்த மனுஷன் ஒரே வார்த்தையில சொன்னாரு, நான் உடையல."

அவன் கேபிளை ஏற்கெனவே சுருட்டியிருந்தான். அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

அதற்கப்புறம் சபையின் மைக்குகள் ஒவ்வொன்றாக என் பேஸ்மென்டுக்கு வந்தன. கொண்டுவந்தது வெனெட்டாதான். மைக்குகள் தீர்ந்ததும் அவள் வீட்டு ரேடியோ வந்தது, அது நன்றாகவே பாடிக்கொண்டிருந்த ரேடியோ. ஜூன் மாதத்தில் பாஸ்டர் கெய்ன்ஸ் அவளுக்கும் லெவரெட்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். பெஞ்சு லெவரெட்டின் முதுகுக்கு எப்படியோ ஒத்துக்கொண்டுவிட்டது. அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனார். என் பேஸ்மென்டில் இப்போது நர்ஸுக்குப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். யாரும் வருவதில்லை, எதுவும் நடப்பதில்லை, பெரிய ஏமாற்றம். லமான்ட் அடுத்த வசந்தத்தில் டொலீடோவுக்குப் போய்விட்டான், அங்கே அவனுக்குக் கிடைத்த சபையில் பேஸ் கிட்டாரே கிடையாதாம்.

கார்லண்ட் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, எங்கும் போகவும் இல்லை. அவர்கள் கல்யாணத்துக்கு அவன்தான் வாசித்தான், ஒரு இடத்தில்கூட நிற்காமல். புதன்கிழமைகளில் அவன் வண்டி இப்போது எங்கள் தெரு வழியாக வருவதில்லை. லவுஞ்சுக்குப் போகிறானா என்று கேட்காதீர்கள், அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.